ஐந்தாவது கட்டத்தில் ஒரு மணி

அந்தத் தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் துணி காயப்போடுவதை ரகசியமாகச் செய்ய முடியாது. காலை எட்டரை வாக்கில் இரண்டாம் மாடி பால்கனியில் ஒருத்தி மடக்குக் கம்பி ஸ்டாண்டை விரிப்பாள். விரிந்து முடிந்ததும் ‘டிரிங்’ என்று ஒரு சைக்கிள் மணி அடிக்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து சைக்கிளைத் தேடுவார்கள். இரண்டாம் வாரம் தேடுவதை விட்டுவிடுவார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்கள்.

ஸ்டாண்டை விரிக்கிறவளுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு காப்புரிமை வக்கீலிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் கட்டக்காரி. பெயரை வைத்தவர் வக்கீலே. பாராட்டாக வைத்தாரா, கேலியாக வைத்தாரா என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை. வக்கீல்கள் அப்படித்தான், பிறகு தேவைப்படும் என்று இரண்டு அர்த்தத்தையும் கையில் வைத்துக்கொள்வார்கள்.

அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. மரப்படி, அதில் ஏழாவது படி மட்டும் முனகும். உள்ளே நான்கு மேஜை, இரண்டு தட்டச்சு இயந்திரம். ஒரு மின்விசிறியும் உண்டு. அதைச் சுற்றவிட்டால் தாள்கள் பறக்கும், நிறுத்தினால் வக்கீலுக்குக் கோபம் வரும். பகல் முழுவதும் ஒரு பெருமழை ஓட்டுக்கூரையில் பெய்வது போலத் தட்டச்சுச் சத்தம் இருக்கும். சிவப்புப் பென்சில் சீவிய தூளும் வரைபடத் தாளின் மருந்து நெடியும் சேர்ந்து ஒரு வாசனை அடிக்கும். அந்த வாசனை எங்காவது லேசாக வந்தால்கூட, இன்றும் அவள் பேச்சைப் பாதியில் விட்டுவிடுவாள்.

அவள் வேலை என்னவென்றால், யாராவது ஒருவர் மூச்சிரைக்கப் படியேறி வருவார். ஏழாவது படி முனகும்போதே அவர் கத்த ஆரம்பித்திருப்பார்.

“பாருங்கம்மா, பட்டப்பகல்ல திருடியிருக்கான்! இது என்னோடது, இது அவனோடது. ரெட்டைப் புள்ளைங்க மாதிரி இல்ல?”

கட்டக்காரி இரண்டையும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். “சாமானை அப்படி ஓரமா வைங்க. பத்திரத்தைக் குடுங்க” என்பாள்.

காப்புரிமைப் பத்திரத்தில் படங்கள் இருக்கும், பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். அதெல்லாம் வாசல் கோலாகலம். சொத்து எங்கிருந்து எங்குவரை என்பது கடைசியில் வரும் கோரிக்கைகளில்தான் இருக்கிறது. முதல் கோரிக்கை பெரும்பாலும் ஒரே வாக்கியமாக இருக்கும். முற்றுப்புள்ளிக்குத் தனி வரி போட்டிருந்தார்களோ என்னவோ, பக்கம் முடியும்வரை அது வராது. அந்த வாக்கியத்தை அவள் சிவப்புப் பென்சிலால் துண்டு துண்டாக நறுக்குவாள். ஒரு தாளில் கட்டம் போட்டு, இடப்பக்கம் துண்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுவாள். அதற்குப் பிறகுதான் எதிராளியின் சாமானைக் கையில் எடுப்பாள். ஒவ்வொரு துண்டும் அதில் இருக்கிறதா என்று பார்த்து, வலப்பக்கம் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ எழுதுவாள்.

எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ விழுந்தால் மீறல். எதிராளி மேற்கொண்டு நூறு ஜோடனை செய்திருந்தாலும் தப்ப முடியாது. ஆனால் ஒரே ஒரு கட்டத்தில் ‘இல்லை’ விழுந்தால் போதும், ரெட்டைப் பிள்ளைகள் அன்றோடு அந்நியர்கள். ஆகவே கோரிக்கையில் அதிகம் எழுதுகிறவருக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். வீட்டுக்காரர் நிபந்தனைகளை அடுக்க அடுக்கக் குடிவர ஆள் குறைவது போலத்தான் இதுவும்.

இந்த ஞானமெல்லாம் அவளுக்கு அந்த வேலையில் சேர்ந்த பிறகு வந்தது. அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்ட காப்புரிமையிலோ இந்த ஞானம் மருந்துக்கும் கிடையாது.

அது அவள் அப்பாவுடையது. அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டிக்கொண்டே எதையாவது கண்டுபிடிப்பார். காலால் அழுத்தினால் திறக்கும் கதவு, தானே கவிழாத பால் பாத்திரம் என்று பல. வீட்டில் அவை ஒவ்வொன்றாக மறைந்துபோனதற்கு அம்மாதான் காரணம் என்று பேச்சு. ஆனால் மடக்குத் துணி ஸ்டாண்டை மட்டும் அம்மா விட்டுவைத்தாள். ஒண்டுக்குடித்தனத்தில், மழைக்காலத்தில், நான்கு பேர் துணியைக் காயப்போட அதைவிட்டால் வேறு வழியில்லை.

ஒரு கைப்பிடியை இழுத்தால் நான்கு காலும் ஒரே சமயத்தில் விரிந்து பூட்டிக்கொள்ளும். முதலில் மணி கிடையாது. பூட்டு விழும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். அவளுக்குப் பதினாறு வயதில் ஒருநாள் அந்த ‘டிக்’கை நம்பிக் கம்பியின் நடுவே கையை விட்டாள். பூட்டு விழவில்லை, ஸ்டாண்டுதான் விழுந்தது. இடது சுட்டுவிரல் நகம் போனது. அப்பா அன்று கடையைத் திறக்கவில்லை. மறுநாள் வீட்டில் ஸ்டாண்டை விரித்தபோது ‘டிரிங்’ என்றது.

“இது அடிச்சாத்தான் கையை விடணும். அடிக்கலைன்னா விடக்கூடாது. புரிஞ்சுதா?” என்றார் அப்பா.

“தெருவே கேக்கும்பா.”

“கேக்கட்டும். அவங்களுக்கும் விரல் இருக்குல்ல?”

நான்கு வருடம் கழித்து அந்த ஸ்டாண்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். கண்ணாடிக் கடை மாடியிலிருந்த வக்கீலிடம் அவளும் கூடப் போனாள். அப்பாவின் கையெழுத்து அப்பாவுக்கே பிடிபடாது என்பதால் நகலெழுத ஆள் தேவைப்பட்டது. அப்போதுதான் அரசாங்கத்துப் பரிசோதகரிடமிருந்து ஓர் ஆட்சேபணை வந்தது. இதே போல மடங்கி ‘டிக்’ என்று பூட்டும் பழைய ஸ்டாண்ட் ஒன்று முன்பே இருக்கிறது, உம்முடையதில் என்ன புதுசு என்று கேட்டிருந்தார்கள்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரே இழுப்புல நாலு காலும் பூட்டுதே, அது பழசுல கிடையாது. அதை மட்டும் சொல்லுவோம். மணியைத் தூக்கி ரெண்டாவது கோரிக்கையில போட்டுடலாம்.”

“ஏன், மணிக்கு என்ன குறைச்சல்?” என்றார் அப்பா.

“முதல் கோரிக்கையில மணி இருந்தா, மணி இல்லாம செய்யறவன் தப்பிச்சுடுவான்.”

“மணி இல்லாம எவன் சார் செய்வான்? அவனுக்குப் பைத்தியமா?”

வக்கீல் அவளைப் பார்த்தார். அவள் தன் விரலைப் பார்த்தாள். அப்பா அங்கேயே உட்கார்ந்து பரிசோதகருக்குப் பதில் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். நடுவில் ஒருமுறை பேனாவை வைத்துவிட்டாள். “என் விரலையெல்லாம் எழுதச் சொல்லாதீங்கப்பா. மானம் போகுது.”

“விரல் போனப்ப போகாத மானமா இப்ப போயிடும்? எழுதும்மா.”

எழுதினாள். காப்புரிமையும் கிடைத்தது, மணியோடு, முதல் கோரிக்கையிலேயே. முத்துமுத்தான அந்தக் கையெழுத்தைப் பார்த்த வக்கீல், “அடுத்த மாசத்துலேருந்து வந்துடும்மா. உங்க அப்பாவை மட்டும் கூட்டிட்டு வராதே” என்றார்.

பதினேழு வருடம் ஓடியது. அப்பா தம் கடையிலேயே நாற்பது ஸ்டாண்ட் வரை செய்து தெரிந்தவர்களுக்கு விற்றார். ஆயினும் ஆண்டுதோறும் காப்புரிமையைப் புதுப்பிக்கும் நாளில் சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தாமே நேரில் போய்க் கட்டிவிட்டு வருவார். விடுதியில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருகிற முகம் அவருக்கு அன்று முழுவதும் இருக்கும்.

அந்தப் பதினேழாவது வருடத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்கு அண்ணன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். பேர்போன கம்பெனி, ஊர் முழுக்கக் கடை. பெட்டிக்குள் ஒரு மடக்குத் துணி ஸ்டாண்ட். கைப்பிடியை இழுத்தால் நான்கு காலும் விரிந்து ‘டிக்’ என்றது.

“அப்பா! மாட்டிக்கிட்டான்!” என்றான் அண்ணன். அவன் ஒரு விளம்பர போர்டு கம்பெனியில் இருந்தான். எதைச் சொன்னாலும் தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்குத்தான் சொல்வான். “நம்ம ஸ்டாண்டை அப்படியே உரிச்சு வச்சிருக்கான். நம்ம வீட்டுலேயே பேட்டன்ட் ஆபீஸ் இருக்கு. பாப்பா, போடு கட்டத்தை!”

முப்பத்தேழு வயதிலும், கல்யாணமாகி ஒரு பெண்ணைப் பெற்ற பிறகும், அண்ணனுக்கு அவள் பாப்பாதான்.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தொன்று. அம்மா இல்லை. அவர் எழுந்து ஸ்டாண்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தொடவில்லை. “பதினேழு வருஷம் யாருமே கண்டுக்கலை. திருடறதுக்காவது ஒருத்தனுக்குத் தோணிச்சே” என்று மட்டும் சொன்னார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் அம்மா போன பிறகு அவள் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்கிறேன் என்று ஸ்டாண்டை அவள் எடுத்துக்கொண்டு போனாள். அதற்குள் அண்ணன் தெரு முழுவதும் சொல்லிவிட்டான். அண்ணிதான் வாசலில் நின்று, “கேஸ் ஜெயிச்ச பிறகு சொல்லலாமே, இப்பவே எதுக்கு” என்று சொல்லிப் பார்த்தாள். அண்ணியின் பேச்சை அந்த வீட்டில் யாரும் ஐந்து வருடம் கழித்துத்தான் கேட்பார்கள்.

வக்கீல், “உங்க வீட்டு விஷயம். நீ போடாதே, வேற யாராவது போடட்டும்” என்றார்.

“நானே போடறேன் சார்.”

ஐந்தே கட்டம். குறுக்கே கோத்த இரண்டு சட்டங்கள்: ஆம். அவற்றின் நடுவே கம்பிகள்: ஆம். ஒரே இழுப்பில் நான்கு கால்களையும் பூட்டும் கைப்பிடி: ஆம், பெரிய ஆம். மடக்கியபின் சுவரில் மாட்ட ஒரு கொக்கி: ஆம். பூட்டு விழுந்ததும் ஒலிக்கும் மணி.

ஸ்டாண்டைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கூடப் பார்த்தாள். மணி இல்லை.

மத்தியானம் என்ன ஆயிற்று என்று கேட்டு அண்ணன் தொலைபேசியில் வந்தான்; மணி இல்லை என்றாள். “மணி இல்லைன்னா என்ன? ‘டிக்’குன்னு சத்தம் வருதுல்ல? அதுவும் பூட்டிடுச்சுன்னுதானே சொல்லுது? சைக்கிள் மணி என்ன சங்கீதமா பாடுது?”

அவன் உளறினான் என்று தள்ள முடியவில்லை. சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. வார்த்தை வேறாயிருந்தாலும், வேலையும் அதைச் செய்யும் விதமும் கிடைக்கிற பலனும் ஒன்றாக இருந்தால் ‘இருக்கிறது’ என்றே கொள்ளலாம். ஆணி என்று எழுதியிருக்கும் இடத்தில் திருகாணி போட்டு ஒருவன் தப்ப முடியாது. அப்படியானால் மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ‘டிக்’ ஏன் ஆகாது? அவளுக்குச் சட்டென்று பசித்தது. நான்கு நாளில் முதல் தடவையாக ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

மறுநாள் அப்பாவின் பழைய கோப்பை அலமாரியிலிருந்து இறக்கினாள். உரிமை கேட்ட காலத்தில் பரிசோதகரும் விண்ணப்பித்தவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பார்த்தே ஆக வேண்டும், அது அவள் தொழிலில் பாலபாடம். மூன்றாவது தாளில் அவளுடைய இருபது வயதுக் கையெழுத்து அவளைப் பார்த்தது.

‘ஐயா, பழைய ஸ்டாண்டில் டிக் என்று சத்தம் வருவது உண்மை. அது பூட்டு விழுந்தாலும் வரும், விழாவிட்டாலும் வரும், சில நேரம் சும்மாவும் வரும். மணி வைக்கும் முன் என் ஸ்டாண்டிலும் அதே டிக்தான், அதை நம்பி என் மகள் விரலைக் கொடுத்தாள். நகம் போயிற்று. ஆகவே டிக் என்பது மணி ஆகாது. பூட்டு முழுதாக விழுந்தால்தான் என் மணி அடிக்கும். மற்ற ஸ்டாண்டுக்கும் என் ஸ்டாண்டுக்கும் அதுதான் வித்தியாசம்.’

உரிமை வாங்குவதற்காக ‘இது என்னுடையது இல்லை’ என்று விட்டுக்கொடுத்ததை, வழக்கு என்று வந்தபின் திரும்பக் கேட்க முடியாது. ‘டிக்’கை அப்பா தம் வாயாலேயே விட்டுக்கொடுத்துவிட்டார். அதை முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தவள் அவள்.

வக்கீல் தோள் வழியே எட்டிப் பார்த்தார். படித்து முடித்துவிட்டுக் கோப்பை மூடினார். பிறகு, “எதிர்த்தரப்பு வக்கீல் இதை ரெண்டாம் நாளே எடுத்துடுவான். எடுத்ததும் உங்க அப்பா கையைப் பிடிச்சுக் குலுக்குவான்” என்றார். ஏழாவது படி முனக, இறங்கி டீ குடிக்கப் போனார். அவர் ஆறுதல் சொல்லும் முறை அதுதான்.

தோற்பது அவளுக்குப் பெரிதில்லை. வாரத்துக்கு மூன்று பேரிடம் ‘இல்லை’ என்று சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறாள். ஆனால் எந்த மணியால் தோற்றோம் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அவள் விரலுக்காக வைத்த மணி. வக்கீல் தூக்கச் சொல்லியும் தூக்காத மணி. எழுபத்தொன்றாவது வயதில் வந்த ஒரே சந்தோஷத்தை அதே மணி வந்து பறித்தது என்று, அந்த விரலை வைத்திருப்பவளே போய்ச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் புதுத் தாளில் கட்டத்தை மறுபடி போட்டாள். ஐந்தாவதில், ‘ஆம், டிக் சத்தம்’ என்று எழுதினாள். நான்காவதில், ‘இல்லை, கொக்கியின் அமைப்பு வேறு’ என்று எழுதினாள். தொழிலில் அவள் எழுதிய முதல் பொய். அப்பா ஒரு கொக்கியால் தோற்கட்டும். கொக்கி மேல் யாருக்கும் பாசம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் தாளைப் பிடுங்கிப் படித்தான். “கொக்கியா? ஒரு பிசாத்துக் கொக்கிக்காகவா விடச் சொல்ற? நீ யார் பக்கம் பாப்பா?”

“கட்டத்துல என்ன விழுதோ அதைத்தானே அண்ணா சொல்ல முடியும்.”

சொல்லிவிட்டு இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அப்பா எழுந்தார். கம்பெனி ஸ்டாண்டை மடக்கினார். கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். அது அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது போல ஜம்மென்று தொங்கியது.

“கொக்கி சரியாத்தானே இருக்கு?”

அவள் கொக்கியைப் பார்க்காமல் ஆணியைப் பார்த்தாள்.

“நீ கட்டத்துல தப்பா எழுதமாட்டியேம்மா. எதை மறைக்க இதை எழுதின?”

அதற்கு மேல் முடியவில்லை. பையிலிருந்து பழைய தாளின் நகலை எடுத்து நீட்டினாள். அப்பா கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. தேவையும் படவில்லை. “டிக் என்பது மணி ஆகாது” என்று மனப்பாடமாகவே சொன்னார். “நான்தானே சொன்னேன்?”

“நான்தான்பா எழுதினேன்.”

“அப்ப இவன் பண்ணது மீறல் இல்லையா?”

“இல்லைப்பா.”

அண்ணன் வாயைத் திறந்தான். அப்பா கையைக் காட்டி அடக்கினார். ஆணியிலிருந்து ஸ்டாண்டை எடுத்தார், கூடத்தின் நடுவில் வைத்துக் கைப்பிடியை இழுத்தார். ‘டிக்.’ மடக்கி, மறுபடி மெதுவாக, பாதி இழுத்தார். பூட்டு விழவில்லை. ஆனாலும் ‘டிக்.’

அவர் முகம் மாறியது. வருத்தம் வரும் என்று எதிர்பார்த்திருந்த அந்த முகத்தில் அருவருப்பு வந்தது.

“இதையாடா என்னோடதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தே? பூட்டறதுக்கு முன்னாடியே கத்துது! இது என்னோடது இல்லை. இந்த மாதிரி ஒரு சாமானை நான் செய்வேனா?”

“அப்பா, கேஸு...” என்றான் அண்ணன்.

“கேஸாவது ஒண்ணாவது. என்னோடதைத் திருடத் தெரியலைடா அவனுக்கு.”

சொல்லிவிட்டுக் கடைப் பெட்டியைத் திறந்து எதையோ துழாவினார். ஒரு பழைய சைக்கிள் மணி, கம்பித் துண்டு, திருப்புளி.

“எதுக்குப்பா இப்ப?”

“இதை இப்படியேவா வீட்டுல வச்சுக்கறது? யாராவது கையைக் குடுத்துட்டா?”

முக்கால் மணி நேரம் ஆனது. சலவைச் சட்டையில் எண்ணெய்க்கறை. கடைசியில் பாதி இழுத்தார், சத்தமில்லை. முழுதாக இழுத்தார். ‘டிரிங்.’ அடுப்படியிலிருந்து அண்ணி, “யாரு வந்திருக்கா?” என்று கேட்டாள்.

கட்டக்காரி தாளை எடுத்தாள். நான்காவது கட்டத்தில் எழுதியதை அடித்து, ‘ஆம்’ என்று திருத்தினாள். ஐந்தாவதிலும் அடித்து, ‘ஆம், மணி’ என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அப்பா, இப்பத்தான் அஞ்சும் ஆம். இப்பத்தான் மீறல் முழுசாச்சு.”

“அப்படியா? யார் மேல கேஸ் போடறது?”

“இதை மீறினது நீங்கதான்.”

“யாரோடதை மீறினேன்?”

“உங்களோடதைத்தான்.”

அப்பா சிரித்த சிரிப்பில் திருப்புளி கீழே விழுந்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னவன் அவன். இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. மூன்றாம் மாதம் ஒரு மழைநாளில் தொலைபேசியில் வந்து, “எங்க வீட்டு ஸ்டாண்டுலயும் ஒரு மணி வச்சுத் தரச் சொல்லு” என்றான். ‘டிக்’ என்றதை நம்பிக் கட்டைவிரலைக் கொடுத்திருந்தான். ஆனால் அதை அவன் சொல்லவில்லை, அண்ணிதான் சொன்னாள்.

காப்புரிமை இன்னும் மூன்று வருடம் உயிரோடு இருந்தது. மூன்று வருடமும் அப்பா சலவைச் சட்டையோடு போய்ப் புதுப்பித்துவிட்டு வந்தார். காலம் முடிந்த பிறகு, யார் வேண்டுமானாலும் மணி வைத்த மடக்கு ஸ்டாண்டைத் தாராளமாகச் செய்துகொள்ளலாம் என்றாயிற்று. இன்றுவரை ஒருவரும் செய்யவில்லை. உலகமே ‘டிக்’கை நம்பித் துணி காயப்போடுகிறது.

இரண்டாம் மாடி பால்கனியில் இருப்பது கம்பெனி ஸ்டாண்டுதான். சட்டம் துருப்பிடித்து இரண்டு முறை வர்ணம் அடித்தாயிற்று. மணி அப்பா வைத்ததே. அப்பா போய் வெகுகாலம் ஆகிவிட்டது. தினமும் காலை அவள் வலக்கையால் கைப்பிடியை இழுப்பாள். இடது சுட்டுவிரல் நகம் இன்னும் கொஞ்சம் கோணல். மணி அடிக்கும்வரை அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருப்பாள்.